ஹாரிஸ்மித் குளிரில் காலையில் எடுக்காத டீசல் லாரி: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் லாரிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் சிட்டி டீப்புக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் லாரி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓட்டுவதும் நான்தான். ஆறு சிலிண்டர், 12 லிட்டர், டீசலைச் சிலிண்டருக்குத் தள்ளும் இன்லைன் பம்ப் வைத்த பழைய இன்ஜின். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 24 வோல்ட், இரண்டு பேட்டரி. இரண்டும் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகின்றன.

டர்பனில் சாவியைத் திருப்பியவுடன் எடுத்துவிடும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதம் தொடங்கியதிலிருந்து, வழியில் உள்ள ஹாரிஸ்மித்தில் இரவு தங்க நேரும் நாட்களில்தான் தொல்லை. கண்ணாடியில் உறைபனி படிந்து, வெளியே மைனஸ் 5 பாகை இருக்கும் விடியற்காலையில், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் வெல்லப்பாகில் கரண்டியைச் சுற்றுவது போல இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. முதல் 15 விநாடிக்குச் சைலன்சரில் புகையே வருவதில்லை. பிறகு வெள்ளைப் புகை வருகிறது, ஆனாலும் எடுப்பதில்லை. போன முறை எட்டரை மணிக்கு வெயில் ஏறிய பிறகு, பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் கொடுத்துத்தான் எடுத்தேன். எடுத்த பின் மூன்று நிமிடம் வெள்ளைப் புகையோடு உதறிக்கொண்டே ஓடிற்று. அதற்குப் பிறகு எந்தக் குறையும் இல்லை, ஏற்றத்திலும் நன்றாக இழுத்தது.

அங்கேயே ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜின் ஆறியிருந்தபோதே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம், பார்த்தார்கள். ஆறு சிலிண்டரும் 20 முதல் 21 பார் (அழுத்த அளவு). கையேட்டில் குறைந்தபட்சம் 24 பார் என்று போட்டிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் போய்விட்டன, இன்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். ஆயில் குடிப்பது மிகக் குறைவு, கறுப்புப் புகையும் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்த ஒரு வண்டியால்தான். இன்ஜினை இறக்கினால் குறைந்தது மூன்று வாரம் வண்டி நிற்கும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மெரிபேங்க் பழைய பிட்டர்

தம்பி, இன்ஜினை இறக்கச் சம்மதித்து எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த ஒரு தவறால் நல்ல இன்ஜின்களைப் பிரித்துப் போட்டதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஹாரிஸ்மித் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதைப் போல ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான். சிலிண்டருக்குள் நுழையும் காற்றே அந்த அளவு குறைவு என்றால், பிஸ்டன் அதை அமுக்கி முடிக்கும்போது மீட்டரில் தெரியும் அழுத்தமும் அதே விகிதத்தில்தான் குறையும். கையேட்டில் உள்ள 24 பாரை ஆறில் ஐந்தாக்கினால் 20 பார். உங்களுக்கு வந்திருப்பதும் 20, 21 தான். அதோடு, கம்ப்ரஷனை இன்ஜின் சூடாக இருக்கும்போது, செல்ஃப் முழு வேகத்தில் சுற்றும்போது பார்க்க வேண்டும். ஆறிய இன்ஜினில், மெதுவாகச் சுற்றும் செல்ஃபை வைத்துப் பார்த்தால் ரிங்கைத் தாண்டிக் காற்று கசிய நேரம் கிடைத்துவிடும். எண் இன்னும் இறங்கும். இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டும் ஆறு சிலிண்டரும் ஒரு பார் வித்தியாசத்துக்குள் நிற்கின்றன என்பதுதான் முக்கியம். ரிங் போன இன்ஜின் ஆறிலும் ஒரே சீராகக் காட்டுவது அரிது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டீசலுக்குத் தீப்பொறி கிடையாது; அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான் அதைப் பற்றவைக்கிறது. வெளிக்காற்று ஒரு பாகை குளிர்ந்தால், அமுக்கி முடித்த காற்றில் இரண்டு பாகைக்கு மேல் குறையும். டர்பனின் 20 பாகைக்கும் ஹாரிஸ்மித்தின் மைனஸ் 5 பாகைக்கும் 25 பாகைதான் வித்தியாசம் என்றாலும், சிலிண்டருக்குள் அது 50 பாகைக்கு மேல் ஆகிவிடுகிறது. அதற்கும் மேலாக, சுற்று வேகம் குறைந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே குளிரில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்பதே.

பேட்டரி புதிது என்பதால் செல்ஃபுக்கு மின்சாரம் போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் வண்டி துறைமுகத்தில் நிற்கும் வண்டி. கடற்காற்றின் உப்பு, சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைத்தான் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கம்பிப் பட்டை) முதலில் தின்னும். சாதாரண வோல்ட் மீட்டர் ஒன்று போதும். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பம்பில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை ஒருவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்ஜின் எடுத்துவிடக் கூடாது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையில், கவ்வியின் மேல் அல்ல, ஈயத்தின் மேலேயே வையுங்கள். மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். சாவியைத் திருப்பிச் சுற்றும்போது மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுவே எர்த் வழியில் வீணாகும் வோல்ட். அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். பிளஸ் பக்கமும் அதேபோல, பேட்டரியின் பிளஸ் ஈயத்திலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை பாருங்கள். ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். இரண்டு நிமிடமாவது செல்ஃபை ஆறவிட்ட பிறகுதான் அடுத்த முறை. இந்தச் சோதனையை டர்பனில் செய்து பயனில்லை. ஹாரிஸ்மித்தில், விடியற்காலையில், வண்டி ஆறிக் கிடக்கும்போதே செய்யவேண்டும்.

இரண்டாவது செய்தியும் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சுற்றும்போது புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று பொருள். வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை என்று பொருள். உங்களுக்கு முதலில் 15 விநாடி ஒன்றுமில்லை, பிறகு வெள்ளை. அப்படியானால் குறை ஒன்றல்ல, இரண்டு. இரவில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன், டீசலைக் கையால் ஏற்றும் கை பம்பை அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தத்திலேயே கெட்டியாக இருந்தால் டீசல் நிற்கிறது. இருபது முப்பது அழுத்தம் வரை லொடலொடவென்று இருந்து பிறகு கெட்டிப்பட்டால் இறங்கிவிட்டது.

லெனேசியா ஓட்டுநர்

அண்ணன், நான் பதினெட்டு ஆண்டுகளாக டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 சாலையில் ஓட்டுகிறேன். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டிச் சாலை மூடப்பட்டபோது வண்டிக்குள்ளேயே ஓர் இரவு முழுவதும் கிடந்தவர்களில் நானும் ஒருவன். பிட்டர் ஐயா சொல்வதற்கு மேல் இன்ஜினைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. டீசலைப் பற்றியும், குளிரில் அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

வாகன நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் டீசல் உறைந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். உங்கள் வண்டியில் அது இல்லை என்றே நினைக்கிறேன். டீசலில் மெழுகு திரண்டால் அது பில்டரில் போய் அடைக்கும். அப்படிப்பட்ட வண்டி பெரும்பாலும் எடுத்துவிடும், பில்டருக்குள் ஏற்கெனவே இருந்த டீசல் தீர்ந்தவுடன் இழுவை குறைந்து நின்றுபோகும். உங்களுடையது எடுப்பதற்குத்தான் பாடுபடுகிறது, எடுத்தபின் நன்றாக ஓடுகிறது. ஐயம் தீர வேண்டுமானால் பில்டருக்குக் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மோர் போலக் கலங்கியிருந்தால் மெழுகு; தெளிவாக இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். கிண்ணத்தின் அடியில் தனியாக உருண்டு நிற்பது தண்ணீர். அதைத் திறந்து வடித்துவிடுங்கள், அது உறைந்தாலும் வழி அடைபடும். குளிர்காலத்தில் டர்பனிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறாமல், பாதியை மேலே வந்து நிரப்புவது என் பழக்கம். ஹைவெல்ட் என்னும் மேட்டுநிலப் பகுதியில் அந்தப் பருவத்தில் விற்கும் டீசல் அந்தக் குளிருக்கு ஏற்றதாக இருக்கும்.

டீசலில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) கலக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். கலக்காதீர்கள். இந்த நாட்டில் விளக்கெரிக்கும் பாரஃபினில் அடையாளப் பொருள் சேர்த்தே விற்கிறார்கள். டீசலில் அது இருந்தால் சோதனையில் தெரிந்துவிடும், அது வரி ஏய்ப்புக் குற்றம். சட்டத்தை விடுங்கள், பாரஃபினுக்கு வழுவழுப்புக் குறைவு. பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசிலும் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகின்றன.

இன்ஜின் எடுப்பதற்காக, எளிதில் பற்றும் ஈதர் ஸ்பிரே அடிப்பதையும் விட்டுவிடுங்கள். உங்கள் இன்ஜினில் காற்றுக் குழாயில், உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் பிளேம் பிளக் இருக்கக்கூடும். அது பழுத்துச் சிவந்திருக்கும்போது ஈதர் அடித்தால் குழாயிலேயே வெடிக்கும். பிளக் வேலை செய்யாவிட்டாலும், ஈதர் உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை எதிர்த்து அடிக்கும். ரிங் உடைவது அப்படித்தான். கடைசியாக ஒன்று. ஆயில் பாத்திரத்துக்குக் கீழே அட்டையைக் கொளுத்திச் சூடுகாட்டுகிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பக்கத்து வண்டியின் பிரேக் குழாய் உருகிக் காற்று சீறி வெளியேறியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஓட்டுநர் அதன்பின் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டறைக்காரர்

ஆயிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள்? டர்பன் வெயிலுக்காகச் சிலர் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலை ஊற்றுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஹாரிஸ்மித்தில் விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் மோட்டார் என்ன செய்யும்? அதைவிட இளகிய 15டபிள்யூ-40 இருந்தால் உங்கள் இன்ஜினுக்கு அங்குள்ள குளிர் ஒரு பொருட்டல்ல.

இதே தொல்லையோடு வரும் புதிய காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் முறை) வண்டிக்காரர்களுக்காக ஒரு குறிப்பு: அவற்றில் ரெயில் அழுத்தம் 200 அல்லது 250 பாருக்கு வராமல் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கவே விடாது. நாசில் தேய்ந்து திரும்பு குழாயில் அதிகமாகக் கசிந்தாலோ, செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலோ அந்த அழுத்தம் ஏறாது. அங்கே புகையே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் பழைய இன்ஜினுக்கு இது பொருந்தாது.

சாட்ஸ்வொர்த் லாரிக்காரர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று விடியற்காலை ஹாரிஸ்மித்தில் ஐந்தரை மணிக்குப் பிட்டர் ஐயா சொன்னபடியே செய்தேன். பக்கத்து வண்டி ஓட்டுநர் ஸ்டாப் லீவரைப் பிடித்துக்கொண்டார். வெளியே மைனஸ் 4. எண்களை அப்படியே தருகிறேன்.

சும்மா இருக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25.3 வோல்ட். சுற்றும்போது பேட்டரியில் 21.6. அதே நேரத்தில் செல்ஃபில் 18.2 மட்டுமே. பிளஸ் பக்கம் 0.6 வோல்ட் போகிறது. எர்த் பக்கம் 2.8 வோல்ட்! மீட்டர்தான் தவறோ என்று மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதுவேதான்.

கை பம்ப் முதல் இருபத்தாறு அழுத்தம் வரை காலியாகவே போயிற்று. கண்ணாடிக் கிண்ணம் தெளிவாக இருந்தது. ஆயில் 15டபிள்யூ-40 தான். பம்பை அழுத்தி டீசலை ஏற்றிய பிறகு செல்ஃப் அடித்தபோது மூன்றாவது விநாடியிலேயே வெள்ளைப் புகை வந்தது. ஆனாலும் எடுக்க அரை மணி நேரப் பாடாயிற்று.

மெரிபேங்க் பழைய பிட்டர்

மிகவும் நேர்த்தியாகப் பார்த்திருக்கிறீர்கள். 2.8 வோல்ட் என்பது எர்த் பட்டை சொல்லும் வாக்குமூலம்.

டர்பனில் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சூடான ஊரில் இன்ஜின் லேசாகச் சுற்றும். செல்ஃப் 300 ஆம்பியர் இழுத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அந்த எர்த் வழியில் 0.004 ஓம் தடை இருந்தால் 1.2 வோல்ட்தான் வீணாகும். வண்டி எடுத்துவிடும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு, அதே செல்ஃப் 700 ஆம்பியர் கேட்டால், அதே தடையில் 2.8 வோல்ட் போய்விடும். பழுது பல மாதங்களாகவே இருந்திருக்கும். குளிருக்குத்தான் அதிக ஆம்பியர் வேண்டியிருக்கிறது, ஆகவே குளிரில்தான் அது வெளியே வருகிறது. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தபோது எடுத்ததற்கும் இதே காரணம் இருக்கலாம். அந்த ஓட்டுநர் மைனஸ் கவ்வியைப் பேட்டரியில் மாட்டினாரா, இன்ஜின் இரும்பில் மாட்டினாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பட்டையை வெளியிலிருந்து பார்த்து முடிவுசெய்யாதீர்கள். என் பணிக்காலத்தில் ஒரு டிப்பர் வண்டியில் நானே ஏமாந்திருக்கிறேன். மேலே ரப்பர் உறை பளபளவென்று இருந்தது, போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. செல்ஃபையே மாற்றிவிட்டேன், அப்படியும் சரியாகவில்லை. பிறகு உறையைக் கத்தியால் கீறியபோது உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. விரலால் நசுக்கினால் நீறு போலப் போயிற்று. அந்த வண்டிக்காரருக்கு வீணாகச் செல்ஃப் செலவு வைத்தது இன்றும் என் மனத்தில் உறுத்துகிறது. பட்டையின் இரு முனையையும் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, புதுப் பட்டை போடுங்கள். முடிந்தால் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கே ஒரு தடித்த கேபிளும் கொடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். துறைமுக வண்டிக்கு அது கட்டாயம்.

டீசல் இறங்குவதற்கு, டேங்கிலிருந்து, டீசலை இழுக்கும் லிப்ட் பம்புக்கு வரும் வழியில் ஒரு முழத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது அதில் குமிழி ஓடினால் அதற்கு முன்னால், டேங்க் பக்கத்தில் காற்று புகுகிறது. குமிழியே இல்லாமல், இரவு நின்றபின் மட்டும் குழாய் காலியானால் பில்டர் மூடியின் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தையும் கை பம்பின் வால்வையும் பாருங்கள். பழைய ஓ-ரிங் குளிரில் விறைத்துச் சுருங்கும். டர்பனில் அடைத்து நிற்பது ஹாரிஸ்மித்தில் விட்டுவிடும். பில்டர் மாற்றும்போதெல்லாம் ஓ-ரிங்கையும் மாற்றுகிறீர்களா என்பது என் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. லெனேசியா தம்பி பிளேம் பிளக்கைப் பற்றிச் சொன்னார். உங்கள் வண்டியின் டேஷ்போர்டில் அதற்கான விளக்கு இருந்தால், சாவியைப் போட்டு, விளக்கு அணையும்வரை அல்லது மின்னும்வரை காத்திருந்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். சுற்றி நிறுத்தியபின் பிளக் இருக்கும் இடத்தருகே காற்றுக் குழாயைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கவேண்டும்.

சாட்ஸ்வொர்த் லாரிக்காரர்

ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். அன்று கேபிள் கொடுத்தவர் மைனஸை இன்ஜினின் தூக்கு வளையத்தில்தான் மாட்டினார்.

சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே பட்டையைக் கழற்றினேன். சேசிஸ் பக்கத்து முனையில் போல்ட்டைத் தளர்த்தியபோதே பச்சைத்தூள் கொட்டிற்று. பாதிக்கு மேல் கம்பிகள் அறுந்திருந்தன. புதுப் பட்டையும், பேட்டரியிலிருந்து நேராக இன்ஜினுக்கு ஒரு கேபிளும் போட்டாயிற்று. பில்டர் மூடியின் ஓ-ரிங் சப்பையாகி, ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. இரண்டு முறை பில்டர் மாற்றியும் அதை நான் மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலையே டர்பனில், இன்ஜினைச் சூடாக்கி, தெரிந்த ஒருவரிடம் கம்ப்ரஷனும் பார்த்துவிட்டேன். 25 முதல் 26 பார். ஆறும் சீராக இருக்கின்றன.

இன்று காலை ஹாரிஸ்மித்தில் மைனஸ் 4 பாகையில் கை பம்ப் முதல் அழுத்தத்திலேயே கெட்டியாக இருந்தது. எர்த் பக்கம் 0.3 வோல்ட், செல்ஃபில் 21. ஆறு விநாடியில் எடுத்துவிட்டது. முதல் ஒரு நிமிடம் மட்டும் இன்னும் வெள்ளைப் புகை இருக்கிறது, கொஞ்சம் உதறலும் இருக்கிறது. காற்றுக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், பனிக்கட்டி போலச் சில்லென்றுதான் இருந்தது. பிளேம் பிளக்குக்குப் போகும் கம்பியின் முனை அரித்துப்போய் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது முனை வாங்கி வைத்திருக்கிறேன். வியாழன் இரவு மறுபடியும் இங்கே தங்கல். வெள்ளிக்கிழமை காலை குழாய் சூடாகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.